படையலுக்குப் போட்ட உப்பு

பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருடம் போய்ச் சேர்ந்த மாமனாருக்கு இன்று திவசம். படையல் சமையலை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. காக்கை தொட்ட பிறகுதான் மனுசர் வாய். அஞ்சலாட்சியின் வலது கை ஆறு நாளாக வீங்கிக் கிடந்தது. சாம்பாரில் உப்பு குறைந்ததற்கு, புருஷன் தெய்வசிகாமணி விறகுக் கட்டையால் தாராளமாக அளந்து கொடுத்தது அது. ஆகவே இன்று இடது கையால் உப்பை அள்ளினாள். அந்தக் கைக்கு அளவு தெரியாது. சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் எல்லாம் இறங்கிவிட்டன. பெரிய அடுப்பை ஒட்டிய கொடியடுப்பில் ரசம் மட்டும் கொதித்தது.

மதிலில் காக்கைக்கு இலை வைத்து, அது கொத்தியதும் வந்து உட்கார்ந்தவன், முதல் வாய்ச் சாம்பார் சோற்றைத் துப்பினான்.

"கடல்ல முக்கி எடுத்தியாடி? எங்கப்பன் படையல்லயே வெளாடுறியா?"

மயிரைப் பிடித்து இழுத்து அவளைச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் விறகை எடுக்கக் குனிந்தபோது, முந்தானையால் ரசச் சட்டியைத் தூக்கி அவன் முதுகில் கவிழ்த்தாள். குப்புற விழுந்து அவன் போட்ட அலறலில் பஞ்சாலைச் சங்கு தோற்றது.

"ஐயோ, கொல்றாளே!"

அஞ்சலாட்சி வெறும் சட்டியை ஓங்கியபடி மதிலைக் காட்டினாள். காக்கை ஒன்று இலையை வழித்துத் தின்றுகொண்டிருந்தது.

"உங்கப்பாரே வாயத் தொறக்காம சாப்புடுறாரு. கொற சொல்ல நீ யாருய்யா?"

தெய்வசிகாமணி தவழ்ந்தபடியே திரும்பிப் பார்த்தான். அப்பன் உயிரோடிருந்தபோதும் அவரை அவன் எதிர்த்துப் பேசியதில்லை. விறகிலிருந்து கையை எடுத்தான்.