துண்டுக்குள் முந்நூறு மாடு

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, விலைக்கு வாங்கினேன். எண்பத்து நான்கில், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ் பஞ்சராகி நின்ற இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாட்டுத் தரகர் மதார், "தம்பி, ஒரு கதை இருக்கு. ஒரு பிரியாணிக்குத் தர்றேன்" என்றார்.

நான் லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் பிள்ளைகளைத் தூங்கப் போகச் சொல்வதற்கும் பேரம் உண்டு. "பிரியாணிக்குத் தேறாது மாமா, பாதிக் கதைதான் இருக்கும்போல" என்றேன். ஒரு டீக்கும் பன்னுக்கும் படிந்தது.

2

முதல் தொடக்கம்: "நாட்டின் ஊரக எரிசக்தித் தேவையில் விறகும் வரட்டியும் வகிக்கும் பங்கை ஆராயுமிடத்து,

[வேண்டாம். நீங்கள் பக்கத்தைத் திருப்பப் பார்த்தீர்கள். நான் கவனித்தேன்.]

இரண்டாவது: "மேற்கே சூரியன் ஒரு சாணி உருண்டையைப் போல

[இதற்கு மேல் எனக்கே வரவில்லை.]

மூன்றாவது: ஒரு ஜீப் வந்தது.

[இது ஓடும்.]

3

ஜீப்பில் வந்தவர் இளையபெருமாள், வட்டார எரிசக்தித் திட்டத்தின் அதிகாரி. எந்த ஊரில் எவ்வளவு விறகு எரிகிறது, எவ்வளவு சாணி கிடைக்கிறது, எங்கே கோபர் கேஸ் கட்டினால் சமையலும் நடந்து நாலு பேருக்குத் தொழிலும் ஆகும் என்று ஊர் ஊராக விசாரிப்பது அவர் வேலை. பூலாம்பாடிப் பக்கம் ஓர் ஊர். (பெயரைச் சொன்னால் மதார் இன்னொரு பன்னுக்கு வந்து நிற்பார்.) அங்கே பஞ்சாயத்துத் தலைவர் உத்திராபதியிடம், "ஊர்ல மொத்தம் எத்தனை மாடுங்க?" என்று கேட்டார்.

"முந்நூறு இருக்குங்க சார்."

எங்கள் பக்கம் ஒருவர் ஓர் எண்ணைச் சொன்னால், வாங்க, உட்கார்ந்து பேசலாம் என்று பொருள். உத்திராபதி காத்திருந்தார். அதிகாரி சிரிப்பார், ஆட்டையும் சேர்த்துச் சொல்றீங்களா என்பார், ஒரேயடியாக இறக்குவார், இவர் ஐயோ என்று நெஞ்சில் கைவைப்பார், நடுவில் எங்காவது உண்மை வந்து உட்காரும்.

இளையபெருமாள் முந்நூறு என்று எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார். ஜீப்பில் ஏறிப் போயேவிட்டார்.*

"என்னய்யா இது, பேரமே பேசாம போயிட்டாரு?" உத்திராபதிக்கு அன்று சோறு இறங்கவில்லையாம்.

* இவரை முட்டாளாக எழுதத்தான் என் கை போயிற்று. மதார் தடுத்துவிட்டார். இளையபெருமாளின் அப்பா கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்தவர். ஒரே விலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பாவம்.

4

முந்நூறு மாட்டுக்கான கோபர் கேஸ் ஊருக்கு வந்தது. சாணியைக் கரைத்து ஊற்ற ஒரு கிணறு, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்ப வேண்டும். அதன் பருமனுக்கு உவமை கிடைக்கவில்லை. (தேர் என்று எழுதி அடித்தேன். யானை என்று எழுதி, யானை கோபித்துக்கொள்ளும் என்று அதையும் அடித்தேன்.) ஊர் மாடுகள் மனசாரப் போட்டுப் பார்த்தும் டிரம் அசையவில்லை.

அந்த கேஸை நம்பியிருந்தவள் வேம்பு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்களுக்கு இட்லி விற்பவள். திட்டத்தில் தொழில் அடுப்பு அவளுக்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள். குழாய் வந்து சேர்ந்த அன்றே, வேலிக்காத்தான் முள் விறகும் புகையுமாய் இருந்த தன் மண் அடுப்பைக் கடப்பாரையால் இடித்துத் தள்ளிவிட்டாள். இப்போது இரவல் அடுப்பில் ஒப்பேற்றுகிறாள். தை பிறந்ததும் திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். டிரம் எழும்பாவிட்டால் குழாயும் அடுப்பும் வேறு ஊருக்குப் போய்விடும்.

இதை நினைத்த வேம்புவின் கண்ணில் நீர் துளிர்

[மதார்: "அழுதாளா? யாரு, வேம்பா? டிரம்ம எட்டி ஒதைச்சா தம்பி. கால்தான் வீங்கிப்போச்சு."]

5

டிரம்மைப் பார்க்க இளையபெருமாள் வந்தார். ஊர் கூடிவிட்டது. மாடு பார்க்க வந்த மதாரும் தோளில் துண்டோடு நின்றார். வேம்பு உத்திராபதியைத் தனியாக இழுத்தாள்.

"மாமா, நெசமா எத்தினி மாடு? சாருகிட்ட சொல்லித் தொலைங்க. பத்தாததுக்கு ஏதாச்சும் வழி கேப்போம்."

"சொன்னத எப்புடி எறக்குறது புள்ள? அவரு கொறைச்சுக் கேட்டா எறங்கலாம். கேக்காம நானா எறங்குனா ஊரு சிரிக்கும்ல?"

"எடிச்ச அடுப்பப் பாத்து மட்டும் ஊரு அழுவுதாக்கும்!"

சொன்னவள் மதாரின் துண்டை உருவினாள். "பாய், கொஞ்சம் குடுங்க." அதிகாரியின் கையையும் உத்திராபதியின் கையையும் சேர்த்து, மேலே துண்டைப் போட்டாள்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் யாரிடமும் இறங்கிப் போனதாக ஆகாது.

"இப்பப் பேசுங்க மாமா!"

இளையபெருமாள் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல நெளிந்தார். "என்னங்க இது, விரலைப் பிடிக்கிறாரு?"

"அதுதான் கணக்கு சார். ஆடாம நில்லுங்க" என்றார் மதார்.

அதிகாரியின் வாய் மெல்லத் திறந்தது. மூடியது. பிறகு (இதை எழுதும்போது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்) அவரும் தன் பங்குக்கு உத்திராபதியின் விரலைப் பிடித்தார். வாழ்க்கையில் முதல் பேரம்! உத்திராபதி இன்னொரு கையை நெஞ்சில் வைத்து, "அநியாயம் சார்!" என்று கத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஊர் பார்த்ததே இல்லையாம்.

துண்டு விலகியதும் இளையபெருமாள் எல்லோருக்கும் கேட்கும்படி, "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார்.

"சார், வாரச் சந்தையில கெடக்குற சாணி சும்மாதான காயுது?" என்றாள் வேம்பு.

"எடுத்துக்கங்கம்மா. சந்தைக்கு வர்ற அக்கம்பக்கத்து ஊரு மாட்டையும் திட்டத்துல எழுதிக்கிறேன்."

"எழுதிறாதீங்க சார்! மொதல்ல பேசுங்க!" என்று பதறினார் உத்திராபதி.

அடுத்த சந்தை முதல் வேம்பு ஒரு மாட்டுவண்டி பிடித்துச் சாணி ஏற்றினாள்.

6

"சரி மாமா, நெசமா எத்தனை மாடு?" என்று மதாரைக் கேட்டேன்.

"துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொன்னா அவன் தரகனா தம்பி?"

"டிரம்? அது வெளியதான இருந்துச்சு. எழும்புச்சா இல்லையா?"

அவர் காலி கிளாஸை ஒருமுறை பார்த்தார். "அதுக்குத்தான் தம்பி பிரியாணி கேட்டேன்."

கண்டக்டர் விசிலடித்தார். மதாரைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் என்னோடு கிளம்பிவிட்டது.

ஆகவே முடிவை நானே சொல்கிறேன். பெரிய அதிகாரி வந்த அன்று டிரம் பனைமர உயரத்துக்கு எழும்பியது. வேம்புவின் இட்லிக்குப் பெரம்பலூர் வரைக்கும் லாரிகள் வரிசைகட்டின. எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன வண்டிகள்கூட வழியை மாற்றி வந்து நின்றன. பெரிய அதிகாரி ஓர் ஈடு இட்லியைத் தனியாளாகத் தின்றார்.

இது நான் சொல்லும் விலை. நீங்களும் இதை அப்படியே எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிடாதீர்கள். பக்கத்தின் மேல் துண்டைப் போட்டிருக்கிறேன்; கையை உள்ளே விடுங்கள். ஆனால் பார்த்து, ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். வேம்பு அடுப்பை இடித்துவிட்டு நிற்கிறாள்.