பச்சை வலைக்கும் செம்மண்ணுக்கும் நடுவில்

"இல்லண்ணா, சிவப்பை மட்டும் ஏத்துனா ஆவாது. ஏத்தி ஏத்தித்தானே நேத்து மாட்டிக்கிட்டோம்?"

"மாட்டுனது நீ. நான் பூவைக் காட்டுன்னுதான் சொன்னேன். நீ அதுக்கு மேக்கப் போட்டு அனுப்பிச்ச."

முனிராஜ் அண்ணன் சொன்னது உண்மைதான். ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கெலவரப்பள்ளிப் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்து, பச்சை நிழல்வலைக்குக் கீழே சிவப்பு ரோஜா போட்டிருக்கிறான். பெங்களூர் கல்யாண மண்டபங்களுக்குப் பூ அனுப்பும் வெங்கட் சார், இந்த சீசன் முழுக்க எந்தத் தோட்டத்தில் எடுப்பது என்று இன்று சாயங்காலத்துக்குள் முடிவு செய்கிறார். நேரில் வர அவருக்கு நேரமில்லை. செடியில் பூ நிற்கிறபடி ஒரு வீடியோ போதும் என்றார். தங்கச்சியான நான்தான் நேற்று மேலே ஆரஞ்சு, கீழே ரோஸ் என்று நிறம் கரைந்து மாறுகிற ஒரு கிரேடியன்ட் போட்டு, சூரியன் மறைகிற நேரம் மாதிரி ஜொலிக்கவிட்டு அனுப்பினேன். உடனே ஃபோன் வந்தது, கன்னடம் கலந்த அவர் தமிழில்.

"ஏனம்மா இது, ரோஸா கேசரிபாத்தா? ஃபில்டர் போட்டு ஏமாத்தினவங்கள நெறைய நோடிட்டேன், பார்த்துட்டேன். செடியில இருக்கிற கலரு அப்படியே வேணும். இல்லன்னா வேற தோட்டம் பார்த்துக்கறேன்."

அப்படியே அனுப்பலாம் என்று கிரேடியன்டை எடுத்துப் பார்த்தால், அது இன்னும் மோசம். பச்சை வலைக்குள் நின்றால் நம் கண் கொஞ்ச நேரத்தில் பழகிக்கொள்கிறது. கேமரா பழகாது. இலையெல்லாம் சீக்கு வந்த மாதிரி, பூ காய்ந்த மிளகாய் மாதிரி இருந்தது. பச்சையைக் குறைக்க அதற்கு எதிர் நிறமான மெஜென்டாவை வீடியோ முழுக்க ஏற்றினேன். மேலே சரியானது, கீழே இருந்த பூவெல்லாம் பீட்ரூட் ஆகிவிட்டது. குறைத்தால் மறுபடி மிளகாய்.

"உடு பாப்பா, உங்கண்ணன் மூஞ்சிய எடுத்து அனுப்பு. அது எந்த லைட்லயும் ஒரே கலருதான்" என்றாள் காவேரி அண்ணி. மொட்டுகளுக்கு வெள்ளை வலைத்தொப்பி மாட்டிக்கொண்டிருந்தாள். பூ சீக்கிரம் விரியாமல் இருக்க எங்கள் பக்கம் எல்லோரும் மாட்டுகிற தொப்பி அது.

நான் வீடியோவை நிறுத்தி வைத்து அந்தத் தொப்பிகளையே பார்த்தேன். எல்லாம் ஒரே பாக்கெட்டிலிருந்து வந்தவை. ஆனால் திரையில் மேல்வரிசைத் தொப்பி பச்சை, மண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது காவி. நடுவில் இருப்பது மட்டும் கிட்டத்தட்ட வெள்ளை.

"அண்ணா! மேல வலை பச்சை அடிக்குது, கீழ செம்மண்ணு சிவப்பு அடிக்குது. ரெண்டு தப்புக்கு ஒரே மருந்து குடுத்தா எப்படி ஆவும்?"

"அதுக்கு?"

"அதுக்குத்தான் கிரேடியன்ட்டு!"

"மறுபடியுமா? சாமி, வேணாம்."

நேற்று அழகுக்குப் போட்டதை இன்று திருத்தத்துக்குப் போட்டேன். உச்சியில் மெஜென்டா, நடுவுக்கு வர வர ஒன்றுமில்லாமல் கரைய வேண்டும். அங்கிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக நீலம். இரண்டும் சந்திக்கிற புள்ளியை நகர்த்தினேன், தொப்பியைப் பார்த்தேன், திரும்ப நகர்த்தினேன். அண்ணி டீ வைத்தாள், ஆறிப்போனது. லேப்டாப் சூடேறி இரைந்தது. கடைசியில் மேலிருந்து கீழ் வரை எல்லாத் தொப்பியும் வெள்ளையாக வந்து நின்றது. அதோடு பூவும் வந்தது. நிஜமான சிவப்பு.

அந்தச் சிவப்பில் இன்னொன்றும் வந்தது. வெளி இதழ்களின் ஓரத்தில் மெல்லிய கருப்பு.

அண்ணன் முகம் சுருங்கியது. "பனியில கருகுனது. எல்லார் தோட்டத்துலயும் உண்டு. அந்த கிரேடியன்ட்டு சேர்ற புள்ளிய லேசா இழுத்து உடேன், மறைஞ்சிடும்ல?"

மறையும். இழுத்தும் காட்டினேன். நிழல் படிந்த மாதிரி ஆனது, கருப்பு காணவில்லை. உடனே பழைய இடத்துக்கே கொண்டுபோனேன்.

"ஏய், என்னா பண்ற?"

"அப்படியே வேணும்னாரு இல்ல?"

"நான் வேலைய உட்டுட்டு வந்து நிக்கிறவன் பாப்பா. இது போனா பூவைக் கூடையில கொட்டி விக்கணும்."

"மண்டபத்துல வெள்ளை லைட்டு போட்டு வெச்சிருப்பாங்க. அங்க போய் எந்தப் புள்ளிய இழுப்ப?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி, "அவ சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மொட்டுக்குப் போய்விட்டாள்.

"அனுப்பித் தொலை. திட்டு வந்தா ஃபோனை நீதான் எடுக்கணும்."

அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீல டிக் வந்தது. அண்ணன் சொட்டுநீர்க் குழாயைக் காரணமே இல்லாமல் நோண்டிக்கொண்டிருந்தான். ஃபோன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டேன்.

"முனிராஜ், ஓரத்துல கருப்பு இருக்குதல்ல?"

அண்ணன் குழாயைக் கீழே போட்டான். "இருக்குது சார். பனி."

"இந்தக் குளிர்ல மத்த தோட்டத்து வீடியோல ஒரு கருப்பும் காணோமே, அது ஹேகப்பா, எப்படி?" என்று சிரித்தார். "சரி, நாளெ ஒரு லோடு அனுப்பு. ஓரத்து இதழைக் கிள்ளிட்டு அனுப்பு. கண்ணால நோடிட்டு சீசனுக்குச் சொல்றேன்."

"ஆயித்து சார், சரி சார், ஆயித்து!" என்றான் அண்ணன், ஃபோன் வைத்த பிறகும்.

முழுசாகக் கிடைக்கவில்லை, தெரியும். ஆனால் கதவு திறந்திருக்கிறது. நாளைக்கு லோடு போகும்போது கூடவே இன்னொரு வீடியோவும் அனுப்பப்போகிறேன். முதல் ஷாட்டே கருகின ஓரம், குளோஸ்-அப்பில். அடுத்து அண்ணி அந்த இதழைக் கிள்ளுகிறாள், உள்ளே சுத்தமான பூ. "கருப்பைக் காட்டியா கடை திறப்ப?" என்று அண்ணன் தலையில் கை வைக்கிறான். நீங்கள் வெங்கட் சார் இடத்தில் இருந்தால், அதைப் பார்த்துவிட்டு எங்கள் பூவை எடுப்பீர்களா, மாட்டீர்களா?