கூடுதல் தகுதி

அந்தப் பெண் கையைப் பிடித்த நோயாளிகள் யாரும் சாகவில்லை. முதலில் இது யார் கண்ணிலும் படவில்லை. தீராநோய் வார்டில் ஒரு மாதமாக ஒரு படுக்கைகூடக் காலியாகவில்லையே என்று தலைமை நர்ஸ் யோசித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவளை அங்கே அனுப்பியது அவளுடைய அம்மா. கல்லூரியில் இடம் கிடைக்க மதிப்பெண் மட்டும் போதாது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்றும் கேட்பார்கள் என்பதால், மூக்குக்கண்ணாடிக் கடையில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு மகளை ஆலோசகரிடம் கூட்டிப்போனாள். நீச்சலும் வயலினும் சதுரங்கமும் மலிந்துவிட்டன என்று பழைய இரும்பின் விலையைச் சொல்வதுபோல அவர் சொன்னார். "சாகக் கிடக்கறவங்க பக்கத்துல எத்தனை பிள்ளைங்க உட்காருவாங்க, சொல்லுங்க? அதைப் போடுங்க." பெண்ணுக்குப் பிடித்தது சைக்கிளில் ஊர் சுற்றுவது. அதற்குச் சான்றிதழ் கிடையாது.

சாவுதான் வரவில்லை, வலி வேளை தவறாமல் வந்தது. கையெடுத்துக் கும்பிட்ட உறவினர்களே சில வாரங்களில் அவளிடம் முகம்கொடுத்துப் பேசாமல் போனார்கள். தொண்டையில் புற்று வைத்த லிஃப்ட்காரர் ஒருநாள் அவளிடம் சொன்னார்: "ஊரையே மேல கொண்டுபோய் விட்டவன் நான். இப்போ நானே நடுவுல மாட்டிக்கிட்டேனேம்மா. தினமும் போயிட்டு வரேன்னு சொல்றேன், நீ பதிலே சொல்ல மாட்டேங்கறே." அவள் கூச்ச சுபாவக்காரி; தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவள். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஆலோசகருக்கு போன் செய்தாள். ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்தால் பெரிய கல்லூரியிலேயே இடம் நிச்சயம் என்றார் அவர். "இவ்வளவு நாள் பொறுத்தவங்க, இன்டர்வியூ வரைக்கும் பொறுக்க மாட்டாங்களா? நீ வாயைத் திறக்காதே" என்றாள் அம்மா. பெண் கீழ்ப்படிந்தாள். லிஃப்ட்காரர் வலி தாங்காமல் தன் உதட்டைத் தானே கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டார். பிறகு அவருக்குக் குரலும் போயிற்று.

அவர் வாய்விட்டுக் கேட்க முடியாமல் போன அந்த மதியம் அவளே சொன்னாள்: "போயிட்டு வாங்க தாத்தா." அவர் போனார். அவள் எழுந்து அடுத்த படுக்கைக்குப் போய்க் கேட்டாள், அதற்கடுத்ததற்கும் போனாள். சம்மதித்தவர்களையெல்லாம் அனுப்பிவைத்தாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்றாள், அவளை விட்டுவைத்தாள். இருட்டும் நேரத்தில் அம்மா ஓடிவந்தாள். உறை மாற்றிய படுக்கைகளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மகள் கை விறைத்துக் கிடந்தது. அதைத் தன் மடியில் எடுத்து வைத்து நீவிவிட்டாள்.

பெரிய கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. ஒரே நாளில் அத்தனை சாவு என்றால் சேவையில் ஏதோ குறை என்று நேர்காணலில் சொல்லிவிட்டார்கள். உள்ளூர்க் கல்லூரியில் கணக்கு படித்தாள். அடுத்த வருடம் பிள்ளைகள் பலர் வார்டுக்கு வந்து சான்றிதழ் வாங்கிப்போனார்கள். அவர்கள் கையைப் பிடித்தவர்கள் எப்போதும்போலச் செத்தார்கள். அவள் மட்டும் சனிக்கிழமைகளில், வகுப்பு இல்லாததால், தொடர்ந்து போய்வந்தாள். சவ ஊர்தி ஓட்டுநர் சனிக்கிழமை இருந்த தன் வார விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்.