கற்பூரம் போன பக்கம்

தண்டாயுதபாணி பனியன் கம்பெனியில் துணி பார்ப்பவர். பின்னிய துணியை வெளிச்சத்துக்கு எதிரே இன்னொருவர் இழுக்க, ஊசி ஒடிந்ததால் விழுந்த ஓட்டைகளை அவர் கண்டுபிடிக்க வேண்டும். தை மாதத்தில் ஒருநாள் மயங்கி விழுந்தார். எழுந்தபோது கை கால் நன்றாக இருந்தன. கண்தான் சொன்னபடி கேட்கவில்லை.

கோயமுத்தூர் டாக்டர் அவர் மனைவி ஞானாம்பாளிடம் சொன்னார்: "பார்வை இருக்குதுங்கம்மா. ஏதாச்சும் அசைஞ்சா கண்ணு தானாத் திரும்பும். மூளைல அது ஒரு வழி. நாமளா நெனச்சுத் திருப்பறது வேற வழி. ரத்தம் அடைச்சு, நெனச்சுத் திருப்பற வழி மட்டும் மூளைல ரெண்டு பக்கமும் கெட்டுப்போச்சு."

"சரியாகுங்களா?"

டாக்டர் பேனாவை மூடினார்.

வீட்டில் அவள் கையை ஆட்டினால் பார்த்தார். "என்னப் பாருங்க" என்றால் தலை மட்டும் திரும்பியது. கண் பழைய இடத்திலேயே நின்றது.

பங்குனி உத்திரத்தன்று முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். சன்னதியில் அவர் பார்வை தூணில் நின்றது. கற்பூரம் ஏற்றினார்கள். தட்டு மேலே போக, கண் மேலே போனது. தட்டு சுற்ற, கண்ணும் சுற்றியது.

"சாமியப் பாத்துட்டாரு!" ஞானாம்பாள் கண்களை மூடிக் கும்பிட்டாள்.

தட்டு வெளியே வந்தது. அவர் கண்ணும் முருகனை விட்டு அதனோடு வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு முதலாளி சாமியப்பனிடம் போனாள். "கண்ணு வந்துருச்சுங்க. நேத்து சாமியப் பாத்தாருங்க."

"வேற ஆளப் போடலாம்னு இருந்தனுங்க. சரி, உள்ள வரச் சொல்லுங்க."

கூட வேலை செய்யும் வேலுமணி துணியை இழுத்தான். துணியோடு கண்ணும் ஓடியது, ஓரத்தில் துள்ளித் திரும்பியது, மறுபடி ஓடியது. ஓட்டைகள் போய்க்கொண்டே இருந்தன.

"நிறுத்துப்பா" என்றார் சாமியப்பன்.

துணி நின்றது. கண்ணும் நின்றது. அது நின்ற இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

"எங்கீங்கண்ணா பாக்கறீங்க? மில்லுப் புள்ளைக போனாத்தான் திரும்புவீங்களாட்ட இருக்குது" என்றான் வேலுமணி. எல்லோரும் சிரித்தார்கள். தண்டாயுதபாணியும் சிரித்தார்.

"ஓட்டை தெரியலீங்களா?" என்று சாமியப்பன் கேட்டார்.

"அசைஞ்சாத் தெரியுமுங்க. துணில ஓட்டை தனியா அசையறதில்லீங்களே."

"ஊட்டுக்குப் போங்க." எப்போது வரவேண்டும் என்று முதலாளி சொல்லவில்லை.

வெளி வாசலில் ஞானாம்பாள் நின்றிருந்தாள். கையை ஆட்டவில்லை. கண்தான் வந்துவிட்டதே, இனி ஆட்ட வேண்டியதில்லை என்று இருந்தாள். தெருவில் மாட்டுவண்டி ஒன்று போனது. அவர் கண் சக்கரத்தோடு போனது. அவளைத் தாண்டி நடந்தார்.

அவள் கையைத் தூக்கி ஆட்டினாள்.