தேங்கிய காலம்

கூட்டம் தொடங்குவதற்கு முன் மோட்டல் கூடத்தின் வாசலிலேயே வெண்டலைப் பிடித்து நிறுத்தினேன். மாநாட்டை நடத்துகிறவர் அவர்தான். ஒரு கையில் காப்பி, இன்னொரு கையில் மேசைமணி.

"வெண்டல், டெல்பர்ட் நடுவுல தடுமாறினா மணியைக் கொஞ்சம் முன்னாடியே அடிச்சிடுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

"அட போங்க மார்லிஸ், எல்லார் வீட்டுக்காரியும் இதத்தான் சொல்றாங்க. இங்க யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டோம். அதானே நம்ம பெருமை!"

பெருமைதான். சொந்தமாக ஒரு கொள்கையைக் கண்டுபிடித்துக்கொண்டு போய், பல்கலைக்கழகங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்ட மனிதர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கேன்சஸில் இந்த சலைனா ஊருக்கு வந்து சேருவார்கள். ஒருத்தருக்கு ஈர்ப்பு என்பது இழுப்பதே அல்ல, வெளியிலிருந்து யாரோ தள்ளுவது. இன்னொருத்தருக்குப் பிரபஞ்சம் ஒரு சுருள். ஆளுக்கொரு பிரபஞ்சம் வைத்திருந்தாலும், அடுத்தவன் சொல்வது தப்பு என்று யாரும் சொல்வதில்லை. அப்படி ஒரு எழுதாத சட்டம். பேச்சு முடிந்ததும் யாராவது ஒருத்தர், "உங்க கொள்கையில ஒளி எங்க வருது?" என்று கேட்பார். மற்றவர்கள் கை தட்டுவார்கள்.

டெல்பர்ட்டின் மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது என்று ஈஸ்டருக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். தன் கையால் கட்டிய வீட்டில், கழிப்பறை எந்தப் பக்கம் என்று போன மாதம் என்னைக் கேட்டார். வெளியே யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. இந்த ஒரு கூட்டம் மானம் போகாமல் முடிந்தால் போதும், அப்புறம் எது வந்தாலும் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டி வந்தேன். வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், குழந்தை மாதிரி அழுதார்.

ஓய்வு பெறும்வரை நெப்ராஸ்காவில், லாரியைச் சரக்கோடு நிறுக்கும் எடைமேடைகளைச் சோதிக்கும் அரசாங்க வேலை அவருக்கு. தானியக் கிடங்கு ஒவ்வொன்றுக்கும் இரும்பு எடைக்கற்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், மேடையில் அடுக்கி, முள் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பார். கல்லைத் தூக்கித் தூக்கி, எடை என்றால்தான் என்ன என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. சமையலறை மேசையில் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் நான். அவர் கொள்கை இதுதான்: காலம் எங்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடமுடியாமல் அது தேங்கும் இடம்தான் பொருள். தேங்கிய காலத்தின் கனம்தான் எடை. தேங்கிய இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள காலம் சரிவதால்தான் ஆப்பிளும் விழுகிறது, நிலாவும் சுற்றுகிறது. சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, ஆனால் எனக்கு மனப்பாடம்.

மேடையேறினார். நீலக் கோட்டு, நான் வாரிவிட்ட தலை. "ஒரு கல்லை எடுத்துக்குங்க. அது கல்லு இல்ல, நின்னுபோன காலம்" என்று தொடங்கினார். குரல் கணீரென்று இருந்தது. நிலா வரைக்கும் நன்றாகப் போனார். அங்கே நின்று, தாளைப் பார்த்து, கூடத்தைப் பார்த்தார். பிறகு, "ஒரு கல்லை எடுத்துக்குங்க" என்றார்.

மறுபடி கல், மறுபடி ஆப்பிள், மறுபடி நிலா. மூன்றாவது தடவையும் "ஒரு கல்லை" என்றபோது, சிரிப்பு எங்கிருந்து கிளம்பப் போகிறது என்று திரும்பிப் பார்த்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைக்காரர் தன் முறைக்கான படங்களை வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சுருள்காரர் உதட்டை மட்டும் அசைத்துத் தன் பேச்சை ஒத்திகை பார்த்தார். ஒருத்தர் தூங்கினார். வெண்டலின் கண் கடிகாரத்திலேயே இருந்தது. நேரம் முடிந்ததும் மணி அடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"உங்க கொள்கையில ஒளி எங்க வருது?"

டெல்பர்ட் என்னைப் பார்த்தார். கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "ஒளி எங்கயும் தேங்குறதில்ல, அதான் அதுக்கு எடை இல்ல" என்றேன். மறுபடி கை தட்டினார்கள். வெளியே வரும்போது வெண்டல் என் முதுகில் தட்டி, "நான்தான் சொன்னேன்ல? இந்த வருஷம் பிரமாதம்! போன வருஷத்தைவிடத் தெளிவு" என்றார். அந்த மேசைமணியைப் பிடுங்கி அவர் தலையில் போடலாம்போல இருந்தது. பாவிகளா, இத்தனை வருஷமும் இப்படித்தானா கேட்டீர்கள்? இதற்கு அவர்கள் சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

காரை வடக்கே, நெப்ராஸ்காவில் எங்கள் வீட்டைப் பார்த்து விட்டேன். இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட சோளக்காடு. டெல்பர்ட் காலைப் பலகாரத்தில் மிச்சமிருந்த ரொட்டியைத் தின்றுகொண்டு வந்தார்.

"எங்க போயிட்டு வர்றோம், கிழவி?"

"கூட்டத்துக்கு."

"என்ன பேசினாங்க?"

நீங்கள்தான் பேசினீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வீடு வரைக்கும் தூரம் இருந்ததால், ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கல், தேங்கிய காலம், எடை, ஆப்பிள், நிலா. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். அவர் அப்படி ஒருத்தர் பேச்சை முழுசாகக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"தப்பாச்சே" என்றார்.

"என்ன தப்பு?"

"காலம் தேங்கித்தான் எடைன்னா, சும்மா கெடக்குற கல்லு வருஷா வருஷம் கனத்துக்கிட்டே போகணும்ல? லிங்கன்ல, எங்க தலைமை ஆபீஸ்ல, என் எடைக்கல்லை வருஷந்தவறாம ஒப்பிட்டுப் பார்த்திருக்கேன். தேஞ்சு கொறையும். சும்மா கெடந்து ஏறினதே கெடையாது." அவர் குரலில் பழைய ஆபீசர் வந்துவிட்டார். "எவன் சொன்னான் இத?"

"யாரோ ஒருத்தர். பேர் ஞாபகம் இல்ல."

"வயசானவனா?"

"ஆமா."

"பாவம்" என்றார். உண்மையாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது. "பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா, அவளாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

சாலை கண்ணில் கலங்கியது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். மாநில எல்லை தாண்டியதும் லாரி எடைமேடை வந்தது. மூடியிருந்தது, விளக்குகூட எரியவில்லை. டெல்பர்ட் கண்ணாடியை இறக்கி, அங்கே யாரோ நிற்பதுபோல், அது பின்னால் போய் மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டே வந்தார்.