பெடலுக்கு வைத்த குங்குமம்

சாமி பூதம் என்றாலே டாக்டர் செங்கமலத்துக்கு முகம் சுளிக்கும். ஆயுத பூஜையன்று ஆயா பாப்பாயி சந்தனம், குங்குமம், சாமந்திப் பூவோடு ஆபரேஷன் அறைக்குள் நுழைந்தபோதே தடுத்துப் பார்த்தார்.

"மேசைக்கு வை, பீரோவுக்கு வை. மெஷின் பக்கம் மட்டும் போவாத."

"சரிங்கம்மா," என்றாள் பாப்பாயி. அவள் சரி என்று சொல்வதற்கும் செய்வதற்கும் என்றைக்குமே சம்பந்தம் இருந்ததில்லை.

அரியலூரில் அந்தச் சின்ன மருத்துவமனைக்கு லேப்ராஸ்கோப் வந்தது அந்த வருஷம்தான், 1985இல். தொப்புளுக்குக் கீழே விரலளவு கீறி, குழாயை உள்ளே விட்டு, மேல்முனையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடலாம். இடக்கை குழாயைத் தாங்கும். வலக்கை அதற்குள்ளே போகும் இடுக்கியின் பிடியை அழுத்தும். ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை இடுக்கியால் கவ்வி மின்சாரத்தால் பொசுக்க வேண்டும். கண்ணும் கைகளும் மாட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பொறுப்பு காலுக்கு. தரையில் ஒரு பெடல் இருந்தது. செருப்பை வாசலில் விட்டு வருகிற அறை; டாக்டரின் வெறுங்கால் பார்க்காமலே அதைத் தேடிப் பிடித்துவிடும்.

மறுநாள் குன்னத்திலிருந்து ஆண்டாயி வந்தாள், மூன்று பிள்ளைக்காரி. வயிறு மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். ஆனால் விழித்துக்கொண்டு டாக்டரின் முகத்தையே பார்த்தபடி படுத்திருந்தாள்.

ஒரு பக்கம் நல்லபடியாக முடிந்தது. மறுபக்கம் கருக்குழாயை இழுக்கும்போது சின்ன ரத்தக்குழாய் ஒன்று கிழிந்துவிட்டது. செங்கமலம் பதறவில்லை. கிழிந்த இடத்தைக் கவ்விக்கொண்டு காலை நீட்டினார்.

பாதத்தில் சந்தனம் பிசுபிசுத்தது. விரலிடுக்கில் சாமந்திப் பூ நசுங்கியது.

சாமிப் பொருளில் கால் பட்டுவிட்டது. யோசனைக்கு நேரமே இல்லை. வலக்கை இடுக்கியை விட்டுவிட்டுக் கால் பக்கம் தாழ்ந்து, எழுந்து, இரண்டு கண்ணையும் ஒற்றிக்கொண்டது. கிளவுஸில் இருந்த ரத்தம் புருவத்தில் ஒட்டியது.

உள்ளே இடுக்கியின் வாய் திறந்துகொண்டது. குழாய் வழியே பார்த்தால் எங்கும் சிவப்பு. கிழிந்த இடம் தெரியவில்லை.

பிடி கிடைக்காவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும். ரத்தம் ஏற்ற அங்கே வசதி கிடையாது. திருச்சி போய்ச் சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

"வேற கிளவுஸ்!"

நர்ஸ் பஞ்சவர்ணம் ஓடி வந்து வலக்கைக்கு மாட்டிவிட்டாள். இடக்கையும் கண்ணும் குழாயைவிட்டு அசையவில்லை. ஆனால் காலை வைக்க டாக்டருக்குப் பயம். கை மறுபடியும் அதே காரியத்தைச் செய்துவிட்டால்?

"பாப்பாயி! அதுக்கு வைக்காதன்னு சொன்னேனே!"

"ரத்தத்த நிறுத்துறதே அதுதானம்மா. அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?"

"கீழ ஒக்காரு. நான் சொல்றப்ப பெடலக் கையால அழுத்து. எடுன்னதும் எடுத்துடு."

பாப்பாயி சம்மணமிட்டு உட்கார்ந்தாள். செங்கமலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்புக்குள் துழாவினார். தவறான இடத்தைக் கவ்வினால் குடல் பொசுங்கும். ஒரு முறை கவ்வி, விட்டார். இன்னொரு முறை. மூன்றாவதில் கசிவு நின்றது.

"அழுத்து!"

உள்ளே மெல்லப் புகை சுருண்டது.

"எடு!"

ரத்தம் வரவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், வரவில்லை.

தையல் போட்டு முடித்ததும் ஆண்டாயி கேட்டாள்: "நடுவுல கும்புட்டீங்களேம்மா? அதப் பாத்தப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. சாமிக்கிட்ட ஒப்படைச்சுட்டாங்க, பொழச்சுக்குவோம்னு நெனச்சேன்."

சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். செங்கமலத்தால் முடியவில்லை.

"ஒப்படைக்கல ஆண்டாயி. அப்பதான் ரத்தம் வர்ற எடத்த விட்டுட்டேன். தப்பு என்னுது."

ஆண்டாயி அவர் புருவத்து ரத்தத்தைப் பார்த்தாள்.

"திரும்பப் புடிச்சீங்கல்ல," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.