பின்பக்க இடது ஸ்பீக்கர்

அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாட்டுப் போடும்போதெல்லாம் பேஸ் பெட்டி ஜன்னல் கண்ணாடியை நடுங்க வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போதகர் சாப்பிட வருவதற்குள் அதைச் சரிசெய் என்றார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஐந்து ஸ்பீக்கர்களும் அந்த பேஸ் பெட்டியும் சேத்து என்கிற என் அண்ணன் டிவியில் ரக்பி பார்க்க வாங்கியவை. பிரிஸ்பேனில் வேலை கிடைத்தபோது அவற்றை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். அங்கே அவனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பார்த்துக்கொள்ள அம்மா போனாள். மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனாள். இப்போது அந்தக் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

விமான நிலையத்தில் அவள் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"நீ வான்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவேன். நீ சொல்லாம நானா வரமாட்டேன், தானியேலு."

அப்பா பெட்டியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையை இன்றுவரை அவர் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் அம்மா என் போனுக்குக் கூப்பிடுவாள். அப்பா சமையலறையிலிருந்து, "நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்பார். அவ்வளவுதான்.

விமான நிலையத்தை ஒட்டிய மாங்கெரேயில், சமோவத் தீவுக்காரர்களான எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர் அப்பா. அம்மா புறப்படுவதற்குச் சற்று முன்புதான் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். எல்லோரும் அப்பாவைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். நான்கு மூலைகளில் நான்கு மைக்குகள். உச்சக் குரல் பெண்கள் அவருக்கு முன்னால் இடப்பக்கம். தாழ்ந்த குரல் பெண்கள் பின்னால் இடப்பக்கம். ஆண்கள் வலப்பக்கம் முழுவதும். என் அம்மா லூப்பேவுக்குத் தாழ்ந்த குரல். மைக்குக்கு மிக அருகில் நின்றவள் அவள்தான். அந்தப் பதிவின் டிவிடியை எங்கள் வீட்டில் போட்டால் ஒவ்வொரு மூலையும் அதனதன் ஸ்பீக்கரில் வரும்.

சனிக்கிழமை அப்பா பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். பேஸ் பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். நடுக்கம் பாதி குறைந்தது. பிறகு, எல்லாவற்றையும் ஒழுங்காக அளந்துவிடலாமே என்று தோன்றியது. ஆம்ப்ளிஃபையரில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. கேட்கிறவரின் காது இருக்கும் இடத்தில் மைக்கை வைத்துவிட்டால், ஒவ்வொரு ஸ்பீக்கராக மழை இரைச்சல் மாதிரி ஓர் ஓசையை எழுப்பி, தானே அளந்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அப்பாவின் நாற்காலியில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் மைக்கை வைத்தேன். அளக்கும்போது வேறு சத்தம் இருக்கக் கூடாது. இரண்டு முறை தலைக்கு மேலே விமானம் போனது. இரண்டு முறையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கடைசியில் எல்லா மூலைகளும் எழுபத்தைந்து டெசிபலில் வந்து நின்றன.

பயிற்சி முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாட்டுப் புத்தகத்து மேல என்ன உட்கார்ந்திருக்கு?"

"மைக்குப்பா. அதுதான் இப்போதைக்கு உங்க காது."

"என் காது இவ்வளவு சின்னதா? உங்கம்மா கேட்டா சந்தோஷப்படுவா."

புத்தகங்களை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். பாட்டைப் போட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, யார் எங்கே என்று பிரிக்க முடியாமல் வந்தன. அப்பா இடப்பக்கம் சாய்ந்தார். இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

"பின்னால இருக்கிற பொம்பளைங்க எங்க?"

"இருக்காங்களே. எல்லாம் ஒரே அளவுப்பா. பாருங்க."

திரையில் இருந்த எண்களைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"பழையபடி வச்சிடு, லனுவோலா."

"பழைய அளவு என்னன்னு தெரியலப்பா. மெஷின் அதை அழிச்சிட்டுத்தான் புதுசா வச்சிருக்கு."

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு குப்பியைக் கழுவுவதற்கு முன்னால்கூட அதில் என்ன இருந்தது என்று குறித்துவைப்பேன். இங்கே எதையும் பார்க்காமலே பொத்தானை அழுத்தியிருந்தேன்.

"நான்தான் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பின்பக்க ஸ்பீக்கரை ஏத்திவச்சேன்," என்றார்.

"ஏன்?"

"விமானம் போறப்போ கேக்கலை."

"விமானம் அஞ்சு ஸ்பீக்கருக்கும் மேலதானேப்பா போகுது?"

அவர் நாற்காலியை விட்டு இறங்கி, சமையலறை வாசலை ஒட்டி, பின்பக்க இடது ஸ்பீக்கருக்குக் கீழே பாயில் உட்கார்ந்தார். நான் ரிமோட்டை எடுத்தேன். ஒரு புள்ளி ஏற்றினேன். இன்னும், என்றார். இன்னொரு புள்ளி. இன்னும். நான் செய்துவைத்த ஒட்டு விட்டுப்போய், பாட்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. திடீரென்று, வரி தொடங்குவதற்கு முன்னால், யாரோ மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது. அம்மா. அவள் மற்றவர்களுக்கு ஓர் இம்மி முன்பே ஆரம்பித்தாள்.

"போதும்," என்றார் அப்பா.

பாட்டு கடைசி வரி வரை ஓடியது.

"முந்திக்கிறா பாரு," என்றார்.

"அன்னைக்கு நீங்க திட்டலையே."

"அன்னைக்குக் கேக்கலைம்மா. நடுவுல நின்னா எல்லாம் ஒண்ணாத்தான் வரும். அப்படி வரணும்னுதானே இத்தனை வருஷம் அவங்களைப் படுத்தினேன். உன் மெஷின் சரியாத்தான் அளந்திருக்கு. நான் நின்ன இடத்துல பாட்டு அப்படித்தான் இருந்துச்சு."

என்னால் இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. "அம்மாவை வரச்சொல்லலாமேப்பா."

"பேரப்பிள்ளைங்க கையைப் பிடிச்சிட்டு நிக்கிறவளை விட்டுட்டு வான்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"வர்றதும் வராததும் அவங்க பாடு. அவங்க கேட்டது நீங்க சொல்லணும்னு."

"ஜன்னல் இன்னும் லேசா ஆடுது பாரு," என்று எழுந்து போய்விட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகரும் வயோலா அத்தையும் குழுவில் சிலரும் வந்தார்கள். அத்தை அப்பாவுக்கு அக்கா. அவளுக்கு எதிரே அப்பா குரலை உயர்த்திப் பேச மாட்டார்; அவள் அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் ஒரு வேளைச் சோறும் சாப்பிட மாட்டாள். சேப்பங்கிழங்கும், தேங்காய்ப் பாலில் வெந்த இலைப் பொட்டலங்களும் போதகருக்கு முதலில் பரிமாறினேன். அப்பா பாட்டைப் போடச் சொன்னார்.

மூன்றாவது வரியில் அத்தை தலையைத் திருப்பினாள்.

"யாரு இது, சமையலறைக்குள்ளேர்ந்து பாடுற மாதிரி? லூப்பேதானே?"

"ஸ்பீக்கர் கோளாறுக்கா," என்றார் அப்பா.

"ஒரு குரலும் தனியாக் கேக்கக் கூடாதுன்னு எங்க தொண்டையெல்லாம் நெரிச்சவன்டா நீ. என்னைப் பாதிப் பாட்டுல வாயை மட்டும் அசைக்கச் சொன்னியே, மறந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். போதகர் சிரிப்பை இலைப் பொட்டலத்தின் பின்னால் மறைத்துக்கொண்டார். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"இயற்பியல் படிச்சவளே, நீ சொல்லு. கோளாறா?"

எனக்கு அத்தனை பேர் முன்னால் பேசி வழக்கமில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு வேறெங்காவது போய்விடும்.

"கோளாறு இல்லத்தை. அப்பா வச்ச அளவு அது."

சிரிப்பு நின்றது. பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் என் போன் அடித்தது; அம்மா. போதகர் சாப்பிடும்போது போன் பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. மரியாதைக்குக் குனிந்தபடி அவர் முன்னால் கடந்து சமையலறைக்குப் போகப் பார்த்தேன்.

"இங்க கொண்டா," என்றார் அப்பா.

அவர் போனைக் காதில் வைத்துப் பேசமாட்டார். சத்தத்தைக் கூட்டி, தட்டைப் போல முன்னால் பிடித்துக்கொள்வார்.

"லூப்பே."

"தானியேலுவா? லனுவோலாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. இங்கதான் நிக்கிறா."

"பின்னால யாரு அப்படிக் கத்துறது?"

"நீதான்."

"நானா? ஐயோ, முந்திப் போறேனே. நிறுத்தச் சொல்லு, வெட்கமா இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நிறுத்தினேன். அறை முழுவதும் வெறுமையாகிவிட்டது. போதகர் கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தார்.

"வந்துடு," என்றார் அப்பா.



"யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டாள் அம்மா.

"போதகர் இருக்காரு. அக்கா இருக்கா."

"இருக்கேன் லூப்பே," என்றாள் அத்தை.

"அவங்க எதிர்லயா சொல்ற?"

"ஆமா."

"இதுங்க ரெண்டும் ராத்திரி என் பக்கத்துலதான் படுக்குதுங்க, தானியேலு. எழுந்து போனாக்கூடத் தேடுதுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்ற?"

"தெரிஞ்சுதான் இத்தனை நாள் சொல்லலை."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அங்கே ஒரு குழந்தை அழத் தொடங்கியது. "இரு," என்று மட்டும் சொன்னாள். போனை எங்கோ வைத்த ஓசை கேட்டது.

பாட்டை மறுபடி போடவா என்று மெல்லக் கேட்டேன். அப்பா வேண்டாமென்று தலையசைத்தார். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. தூரத்தில் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதும், எங்களுக்குப் பாடிய தாலாட்டை அதற்குத் தணிவாகப் பாடுவதும் கேட்டது. வார்த்தைகள் பிடிபடவில்லை. அப்பா போனை நீட்டிப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாயில் உணவு வைத்திருந்தவர்கள்கூட மெல்லவில்லை.